அசலை உடைத்தால் விலை ஏறும்

கர்ர்ர்... கர்ர்ர்...

எதையோ தரையோடு இழுத்துக்கொண்டு வரும் சத்தம். கொன்றையன் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். அரசவையில் மன்னரைச் சிரிக்க வைக்கிற வேலை அவனுக்கு. வீட்டில் கீரை ஆய்கிற வேலை.

எட்டிப் பார்த்தான். அரண்மனை வேலையாள் சடையன் பெரிய சம்மட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். அழுத முகம்.

"என்னப்பா, யார் வீட்டுச் சுவரு?"

"சுவரா இருந்தா சந்தோஷமா உடைப்பேனே சாமி. அங்காயியம்மா செஞ்ச சிலையை உடைக்கச் சொல்லிட்டாங்க."

கீரைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான் கொன்றையன்.

அந்தச் சிலையை அறியாதவர் குமிழிநாட்டில் கிடையாது. கோட்டை வாசலில் ஒரு கருங்கல். மூக்கில்லை, முழியில்லை, ஆணா பெண்ணா தெரியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் உருவம். வயிற்றில் வட்டமாக ஒரு ஓட்டை. பெயர், 'தூக்கம் வராதது'. ராக்காவல்காரர்கள் அதில் முதுகு சாய்ப்பார்கள். ஓட்டைக்குள் விளக்கை வைத்தால் எந்தக் காற்றுக்கும் அணையாது. அங்காயி எத்தனையோ கல்லைச் செதுக்கியவள்தான். ஆனால் அப்படியொன்று அவளுக்கு மறுபடி அமையவில்லை.

குமிழிநாடு பழைய நாடு. யானை உண்டு, வெண்சாமரம் உண்டு. ஆனாலும் மன்னர் குமரதீரர் கையில் செல்போனும் உண்டு. கொன்றையன் அவைக்குள் நுழைந்ததுமே அதை நீட்டினார்.

"வாரும், இதைப் பாரும்! நம் சிலையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து மந்திரி ஆடலழகர் டிஜிட்டலாக்கிவிட்டார். உள்ளேயே சுழலுது! உலகத்துக்கே ஒன்றுதானாம். வாங்குகிறவர் பேர் அதிலேயே பதிந்துவிடுமாம். கடல் தாண்டி ஏலம் கேட்கிறார்கள்."

"நல்லதுதானே அரசே. சம்மட்டி எதுக்கு?"

ஆடலழகர் மீசையைத் தடவினார். "கல் வாசலில் குந்தியிருக்கும்வரை படம் வெறும் நகல். கல்லை உடைத்துவிட்டால் உலகத்தில் மிச்சம் படம் மட்டும்தான். விலை பத்து மடங்கு! இதெல்லாம் உமக்கு விளங்காது. நீர் போய்க் கீரையைப் பாரும்."

தூணோரம் நின்ற அங்காயியின் கையில் கல்தூசி அப்படியே இருந்தது. "அரசே, படத்தை வித்துக்கோங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். கல்லை மட்டும் விட்டுடுங்க."

மன்னர் தரையைப் பார்த்தார். "அசலை உடைக்கணும்னு ஆணை போட்டாச்சம்மா. அரச வாக்கு. மாத்த முடியாது."

"மாற்றவே வேண்டாம் அரசே," என்றான் கொன்றையன். "அசல் உடையட்டும்."

அங்காயி அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம். இது யாரைப் பார்த்துச் செதுக்கியதென்று வாங்குகிறவன் கேட்பானே? யாரோ காவல்காரன் என்றால் விலை விழும். பெரிய மனிதர் என்றால் ஏறும். நம் கெட்ட நேரம், அப்படி யாரும் இல்லை..."

"ஏன் இல்லை?" ஆடலழகரின் நெஞ்சு நிமிர்ந்தது. "நான் இருக்கிறேனே! நாட்டை நினைத்து நான் தூங்காத ராத்திரி எத்தனை! அதைப் பார்த்துத்தான் இந்தம்மா செதுக்கினாள்."

மன்னர் புருவத்தைத் தூக்கினார். "நீர் அவையிலேயே தூங்குவீரே?"

"ராத்திரி தூங்காததால்தான் அரசே!"

"வயிற்றில் அந்த ஓட்டை?" என்றான் கொன்றையன்.

"என் பசி! நாட்டுக்காகச் சோற்றையே மறந்தவன் நான்," என்று மந்திரி வயிற்றைத் தட்டினார். இடுப்புப் பட்டை ஏற்கெனவே எட்டாமல் தவித்துக்கொண்டிருந்தது.

"இவரையா? நான்..." என்று அங்காயி வாயெடுத்தாள். கொன்றையன் பலமாக இருமினான். அவள் கெட்டிக்காரி. வாயை மூடிக்கொண்டாள்.

"அப்படியானால் படம் கல்லின் நகல். கல் உம்முடைய நகல். சபையறியச் சொல்லும், அசல் யார்?"

"நானே! ஆயிரம் தடவை சொல்வேன், அசல் நானே!"

வாசலில் சம்மட்டியோடு நின்ற சடையன் பக்கம் கொன்றையன் திரும்பினான். "சடையா, காதில் விழுந்ததா? அசல் இதோ நிற்கிறது. அரச ஆணை, சீக்கிரம் ஆகட்டும்."

கர்ர்ர்... கர்ர்ர்... சடையன் முகத்தில் அன்றைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

மந்திரி ஒரே தாவில் சிம்மாசனத்துக்குப் பின்னால் போய்விட்டார். "அரசே! பொய்! அது நான் இல்லை! எங்கள் வம்சத்திலேயே யாரும் இல்லை!"

"விலை பத்து மடங்கு ஏறுமே மந்திரியாரே?"

"ஏறவே வேண்டாம்! அசல் அசலாகவே இருக்கட்டும்!"

மன்னருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். "அது இருக்கட்டும் கொன்றையா. என் வாக்கு என்ன ஆவது? எதையாவது உடைத்தாகணுமே. அங்காயி, நீயே சொல்லம்மா. யாரைப் பார்த்துச் செதுக்கினாய்?"

அவள் கையிலிருந்த கல்தூசியைத் தட்டிக்கொண்டாள். "யாரையும் பார்த்து இல்லைங்க. பகலெல்லாம் உளி பிடிப்பேன். ராத்திரி கண்ணை மூடினா, செஞ்சது நாளைக்கு இருக்குமோ இருக்காதோன்னு ஒரு பயம். தூக்கம் வராது. அந்த முழிப்பைத்தான் செதுக்கினேன்."

"கண்டுபிடித்தாயிற்று அரசே!" என்றான் கொன்றையன். "அந்த முழிப்புதான் அசல். கல்லை யாரும் தொடமாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது தானாக உடைந்துவிடும்."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். வார்த்தையும் கொடுத்தார். அங்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மன்னர் மந்திரி பக்கம் திரும்பினார். "சிலைக்கு அசல் என்று பீற்றிக்கொண்ட மந்திரி, இனி ஒரு மாதம் ராக்காவலுக்குப் போகட்டும். நிஜமாகவே விழித்திருக்கட்டும். கொன்றையா, உமக்கு இந்த முத்துமாலை!"

கழுத்திலிருந்த மாலையைச் செல்போனில் படமெடுத்து அனுப்பினார். கொன்றையன் இடுப்பில் 'டிங்' என்றது.

"அரசே, நகலைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்," என்று கையை நீட்டினான் அவன். "எனக்கு அசல் போதும்."

வீட்டுக்கு வந்தபோது கீரை வெயிலில் கொஞ்சம் வாடியிருந்தது. முத்துமாலையை ஆணியில் மாட்டிவிட்டு, தட்டை மடியில் இழுத்து வைத்து, விட்ட காம்பிலிருந்து இலையை உருவத் தொடங்கினான்.