திராட்சை கழுவிய கை

"இன்னும் எதுல கழுவணும், தாயி?"

வந்து உட்கார்ந்ததும் கோமளவல்லி கேட்டது இதைத்தான்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவள் பல வருஷமாக வந்துபோகிறவள். அங்கே குருவாக இருந்த தாயாருக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளுக்கு அவர் தாயி.

"எதைக் கழுவறதுக்கு?"

"பழத்தை. காயை. வேற என்ன வேலை எனக்கு?"

அவள் கணவர் தணிகாசலத்துக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்திருந்தார்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை. அந்த மாத்திரையால் நோயை எதிர்க்கும் சக்தி குறைவு. சின்னக் கிருமிகூட ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஒரு சொல் அவளுக்குள் ஆணியாக இறங்கிவிட்டது.

கல் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பாள். அப்புறம் மஞ்சள் தண்ணீர். அப்புறம் புளித்தண்ணீர். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று வினிகர். ஊரிலிருந்து தங்கை சொன்னாள் என்று சமையல் சோடா. எல்லாம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பழம் தோல் கன்றிப்போயிருக்கும்.

அப்போதும் மனசு கேட்காது. குப்பையில் கொட்டிவிடுவாள்.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"நல்லாக் கழுவிட்டுக் கொடுக்கலாம்னுதான் சொல்றார்."

"கொடுத்தீங்களா?"

கோமளவல்லி தரையைப் பார்த்தாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"அவர் வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கறப்ப எனக்கு எப்படித் தாயி இறங்கும்?"

"ஐயா எங்கே?"

"வெளியே நிழல்ல உட்கார வெச்சிருக்கேன். மாஸ்க் போட்டுத்தான்."

"வரச் சொல்லுங்க."

தணிகாசலம் மெல்ல நடந்து வந்தார். லாரி ஓட்டிய மனிதர். இப்போது சட்டை தோளில் தொங்கியது. ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டில் அவருக்கென்று ஒரு வேலையும் இல்லை. தம்ளரைத் தொட்டால் அவள் வாங்கிக்கொள்வாள். செருப்பைக்கூட அவளே எடுத்து வைத்தாள்.

தாயார் சமையற்கட்டுக்குள் போனார். ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையும் அகலமான பாத்திரமும் உப்பு ஜாடியும் கொண்டுவந்து குழாயடி மேடையில் வைத்தார்.

கோமளவல்லி எழுந்தாள்.

தாயார் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பிடித்த கையை விடவில்லை.

"ஐயா, அம்மா பசியோட வந்திருக்காங்க. கழுவிக் கொடுங்க."

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார்.

"அவரால முடியாது, தாயி. ரொம்ப நேரம் நிக்கக் கூடாது."

தாயார் ஒரு ஸ்டூலைக் காலால் குழாய்ப் பக்கம் நகர்த்தினார்.

தணிகாசலம் உட்கார்ந்தார். முதலில் சோப்பு போட்டுத் தன் கையைக் கழுவினார். பழங்களைக் காம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளினார். அழுகினதைத் தள்ளினார். பாத்திரத்தில் உப்பைப் போட்டுக் கலக்கி ஊறவைத்தார்.

மூவரும் காத்திருந்தார்கள்.

பிறகு குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் அலசினார். ஒரு பழம் நழுவி ஓடியது. கோமளவல்லியின் கை துடித்தது. தாயாரின் பிடி இறுகியது. தணிகாசலமே குனிந்து எடுத்து, ஓரமாக வைத்துவிட்டு, மறுபடியும் அலச ஆரம்பித்தார்.

அவர் முகத்தை அவள் பார்த்தாள். மலைப்பாதை வளைவில் ஸ்டியரிங் பிடிக்கும்போது அவருக்கு ஒரு முகம் வரும். அந்த முகம்.

பாத்திரத்தோடு அவள் எதிரில் வந்து நின்றார். ஒரு பழத்தை எடுத்தார்.

"ஆ காட்டு."

"என்னங்க, தாயி இருக்காங்க..."

"காட்டுடி."

காட்டினாள்.

தோல் உடைந்து சாறு நாக்கில் பரவியது. தனக்குப் பசி இருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது.

தணிகாசலம் பதறிப்போனார்.

"என்ன, புளிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். அவர் இன்னொன்றை எடுத்து நீட்டினார். அவள் அந்த ஈரக் கையைப் பிடித்து, அவர் பக்கமே திருப்பினாள்.

"இது உங்களுக்கு."