துண்டுக்குள்ள பேசின விரலு

ஒரு ஊர்ல ஒரு மாட்டுத் தரகன் இருந்தானாம். பேரு நாச்சிமுத்து. அவன் சம்சாரம் பூவாத்தா. அவங்களுக்கு உன்னாட்டம் ஒரே ஒரு வாலு, தாரணின்னு. ‘ம்’ கொட்டு கண்ணு, இல்லாட்டி நிறுத்திருவேன்.

சந்தையில விலை பேசறவங்க வாய்விட்டுப் பேச மாட்டாங்க. கை மேல துண்டைப் போட்டுக்கிட்டு, உள்ள விரலைப் பிடிச்சே பேசுவாங்க. சுண்டுவிரலை மடக்கினா ‘வேண்டாம், இதுல ஏதோ வில்லங்கம்’னு அர்த்தம். அதைப் பூவாத்தாளுக்கும் அவன் சிரிச்சு சிரிச்சு சொல்லிக் குடுத்திருந்தான்.

அப்போ ஒரு கம்பெனிக்காரன் பளபளன்னு கார்ல வந்தான். “மண்டைக்குள்ள அரிசி மாதிரி ஒரு மெஷின் வெச்சா எதுவுமே மறக்காது. இனாம்தான்”ன்னான். நம்மாளு மறதிக்காரன், தலையாட்டிட்டான். டர்ர்ர்... வெச்சாச்சு. இனாம்னு கேட்டதுமே பூவாத்தாளுக்குப் பக்குன்னுச்சு.

அப்புறம் அவன் குறட்டை நின்னு போச்சு. பேச்சும் நியூஸ் வாசிக்கறவன் மாதிரி ஆயிருச்சு. இது எம் புருசன்தானா? அவளுக்குச் சோறே இறங்கல.

சோதிச்சுப் பாக்கணும்னே மொத நாள் குழம்புல உப்பை அள்ளிக் கொட்டினா. எப்பவும் வாயை மூடிட்டுத் தின்னுட்டுப் போற மனுசன், “உப்பு அதிகம். உடலுக்கு நல்லதல்ல”ன்னான்.

மறுநாள், “உங்கம்மா மாதிரி கஞ்சப்பிசினாறி உண்டா?”ன்னு வம்புக்கிழுத்தா. எப்பவும் தையாதக்கான்னு குதிப்பான். அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே, “உன் கருத்துக்கு நன்றி”ன்னான். தூங்கிட்டியா? ...ம், சரி.

மூணாம் நாள் கம்பெனிக்காரன் திரும்ப வந்தான். “பாப்பாவுக்கும் வெச்சிரலாம், அப்பா கையெழுத்துப் போட்டாப் போதும்.” நாச்சிமுத்து, “எனக்கு முழு சம்மதம்”னான். தாரணி அம்மா சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா.

அப்போ பூவாத்தா சட்டுன்னு அவன் தோள்துண்டை உருவி, ரெண்டு பேர் கை மேலயும் போட்டா. “ஏனுங்க, புள்ளைக்கு வெக்கலாமுங்களா?” வாய், “வைக்கலாம், வைக்கலாம்”ங்குது. துண்டுக்குள்ள அவன் விரலு அவ சுண்டுவிரலைத் தேடிப் பிடிச்சு மடக்குது. ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை! வாயையும் காதையும் பிடிச்ச மெஷினுக்கு, துண்டுக்குள்ள பேசற பேச்சு எங்க தெரியும்?

அவளுக்குக் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. மனுசன் உள்ளதான் இருக்கான்! காகிதத்தைச் சர்ருன்னு கிழிச்சா, விளக்கமாத்தை எடுத்தா. காரு புர்ர்ருன்னு ஓடியே போச்சு.

அப்புறம் டவுன் ஆசுபத்திரியில மெஷினை எடுத்துட்டாங்களாம். கொர் கொர்னு குறட்டையும் வந்துருச்சு. ஆனாலும் பூவாத்தா இன்னி வரைக்கும் பெரிய விசயம்னா துண்டுக்குள்ளதான் கேக்கறா. மெஷினை எடுத்தாச்சுன்னு சொன்னதுவும் ஒரு வாய்தானே!

என்ன, ரொம்ப நேரமா ஒரே மாதிரி ‘ம்’ கொட்டறே? போர்வைக்குள்ள கையைக் குடு பாக்கலாம். ...ஆ! கிள்ளறியா? சரி, நீதான். கதையை மடிச்சு வெச்சாச்சு, கண்ணை மூடு.