நாலாவது வளைவும் ஆடாத ஸ்டூலும்

தகுதிச் சுற்று முடிய எட்டு நிமிடம் இருந்தது. சென்னியப்பன் காரைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். ஐந்தாவது இடம்.

ஒரே ஒரு சுற்றை யார் எல்லோரையும்விட வேகமாக ஓட்டுகிறாரோ, அவர் நாளைய பந்தயத்தில் முன்னால் நிற்பார். சென்னியப்பன் ஒன்பது வருடமாக ஓட்டுகிறார். அந்த இடத்தில் ஒருமுறைகூட நின்றதில்லை.

நித்திலா அந்தக் காரின் பொறியாளர். சென்னியப்பனைவிட ஏழு வயது இளையவர். குழுவில் எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள். கேலியாக ஆரம்பித்தது, இப்போது யாரும் கேலியாகச் சொல்வதில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சென்னியப்பன் கேட்டார்: "வாத்தியாரே, மூணு மாசம் உக்காந்து வண்டிக்குப் பின்னாடி புது இறக்கை செஞ்சீங்க. நாலாவது வளைவுல இனி வண்டி வாலை ஆட்டாதுன்னீங்க. நேரம் என்னமோ பழைய நேரமாவே இருக்குதுங்களே. இன்னும் என்ன குறை?"

"டயர் மாத்தறாங்க. ரெண்டு நிமிஷம் உக்காந்து டீ குடிங்ணா."

"டீ குடிக்கற நேரமாங்க இது?"

"உக்காருங்ணா."

டீயை வாங்கிக்கொண்டு மூலையில் கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தார். வழக்கம்போல வலது காலைத் தரையில் அழுத்தி ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து.

"ஏங்ணா சாஞ்சு உக்காந்திருக்கீங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க. இது ஆடுமில்லீங்க? போன வருஷம் நான் இதுலருந்து விழுந்தப்ப கைதட்டுனதே நீங்கதான்."

"ஆட்டிப் பாருங்க."

எழுந்து ஆட்டினார். ஆடவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். நட்டு வைத்தது போல நின்றது.

டயர் மாட்டிக்கொண்டிருந்த ரஃபீக் தலை நிமிராமலே சொன்னார்: "இறக்கை மாட்டுன அன்னைக்கே வாத்தியார் அதுக்குப் புதுக் கால் போட்டுட்டாங்க. பத்து நாளா சாஞ்சுதான் உக்கார்றீங்க. எங்களுக்கும் நல்லாப் பொழுது போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். ஸ்டூலைப் பார்த்தார். காரைப் பார்த்தார். டீயை அப்படியே விட்டுவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.

கொட்டகையிலிருந்து நாலாவது வளைவு தெரியாது. கேட்கும். அங்கே அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதும், எஞ்சின் சத்தம் ஒரு கணம் தணிந்து மறுபடி எழுவதும் போன வருடத்திலிருந்து இன்றுவரை எல்லோருக்கும் கேட்டுப் பழகிய சங்கதி. நித்திலா திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

சத்தம் வளைவுக்குள் போனது. தணியவில்லை. போன மாதிரியே வெளியே வந்தது.

ரஃபீக் ஸ்டூலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். நேரம் திரையில் வந்தது அதற்குப் பிறகுதான்.

முதல் இடம்.

சென்னியப்பன் திரும்பி வந்ததும் ஸ்டூலை அவர் முன்னால் போட்டார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, அங்க காலை எடுக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னேனுங்ணா. நீங்களும் தலையாட்டுனீங்க. கால்தான் பழைய காருலயே உக்காந்திருந்துச்சு."