டப்பாவில் எழுதிய பெயர்

“அட்டைதான் சரியில்லை மேடம். நானும் மூணு மாத்திட்டேன்” என்றார் மரியதாஸ்.

செண்பகவல்லி பையைக் கீழே வைத்தாள்.

“மூணுமா?”

“மூணும். மூணு கம்பெனி. இந்தச் சனியன் ‘நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லை’ன்னே சொல்லிக்கிட்டு இருக்கு. கண்ணு முன்னால இருக்கு மேடம்! லைட்டுகூட எரியுது!”

மரியதாஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கேபிள் இழுத்தவர். சர்வர் வேலையைச் செண்பகவல்லியிடம் கற்றுக்கொண்டு இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அவளுக்கு முப்பத்தொன்று. திருநெல்வேலிப் பக்கம் எந்த சர்வர் மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வருவாள், நிற்பாள், பேசமாட்டாள். அவசரத்தில் இருப்பவனுக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை.

நேற்று மாலை ஆஸ்பத்திரியின் ஃபயர்வால் பெட்டி நின்றுபோனது. அது இல்லாமல் ஒரு படம் வெளியே போகாது. ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டரோ மதுரையில் இருக்கிறார். நாலு மணிக்கு எழுந்து போய்விடுவார். இப்போது இரண்டரை. கீழே பெஞ்சில் ரிப்போர்ட்டுக்காகப் பத்தொன்பது பேர்.

மரியதாஸ் வேறொரு சர்வரில் அதே ஃபயர்வால் மென்பொருளை ஏற்றிப் பார்த்தார். அது அட்டையைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜங்ஷனில் கடை கடையாக ஏறி இறங்கினார். முதல் அட்டையை ராகு காலத்தில் மாட்டியதுதான் கோளாறு என்றார் ஸ்டோர் கீப்பர். இரண்டாவதை நல்ல நேரம் பார்த்து மாட்டினார். மூன்றாவதுக்கு, வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், எலுமிச்சம்பழம் வைக்கவும் சம்மதித்தார். பழம் இன்னும் சர்வர் மேல்தான் இருந்தது.

செண்பகவல்லி அதைப் பார்த்தாள்.

“சிரிக்கணும்னா சிரிச்சிருங்க மேடம்.”

அவள், அவர் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“ராஜினாமா” என்றார். “மூணு அட்டையும் நான் சொல்லி வாங்கினது. அஞ்சு மணிக்குக் குடுத்துருவேன். நான் பழசாயிட்டேன். புதுசா ஒரு ஆளைப் போடட்டும்.”

“இந்த அட்டை பேரு என்ன?”

மரியதாஸ் டப்பாவை எடுத்துக் கம்பெனி பெயரை வாசித்தார்.

“அது டப்பா பேரு.”

மூச்சை இழுத்துவிட்டு, அட்டையைக் கழற்றி, அதன்மேல் ஒட்டியிருந்ததை வாசித்தார்.

“அது ஸ்டிக்கர் பேரு.”

“வேற என்ன பேரு மேடம் இருக்கு? இதுக்குன்னு ஞானஸ்நானமா குடுத்து வச்சிருக்காங்க?”

அவள் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். அடியில் சதுரமாக ஒரு கருப்புச் சிப்பு இருந்தது.

“படிங்க.”

கண்ணாடியைப் போட்டார். போதவில்லை. போனில் டார்ச் அடித்தார்.

“கே எக்ஸ் எட்டு ஒண்ணு ஒண்ணு.”

“எழுதுங்க.”

மேசையில் காகிதம் இல்லை. சட்டைப்பையில் இருந்ததை உருவி, அதன் முதுகில் எழுதினார். இரண்டாவது அட்டையைச் சுரண்டி வாசித்து எழுதினார். மூன்றாவதையும் சுரண்டினார்.

மூன்றாவது வரியின் பாதியில் பேனா நின்றது.

மூன்று வரியும் ஒன்றுதான்.

“அடப்பாவிகளா! ஒரே மாப்பிள்ளைக்கு மூணு சட்டையை மாத்திவிட்டுக் கூட்டிட்டு வந்திருக்கானுவளே!”

“நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க.”

மரியதாஸுக்குக் காது சிவந்தது.

“சரி, நான்தான் கூட்டிட்டு வந்தேன். ஃபயர்வால் சட்டையைப் பாக்காது, சிப்பைத்தான் பாக்கும். இந்த வீட்டுக்கு இந்த மாப்பிள்ளை ஆகாது. வேற சிப்பு வேணும். ஆர்டர் போட்டா நாளைக்கு வரும். கீழ பத்தொன்பது பேரு இன்னைக்கு உக்காந்திருக்காங்க மேடம்! நான் என்ன பண்ண?”

“பழைய பெட்டி எங்க?”

“அது செத்துப் போச்சு. ஆறு வருஷம் இதே ஃபயர்வாலை ஓட்டிட்டு நேத்து செத்துச்சு. அந்தா மேசைக்கு அடியில கெடக்கு.”

“எது செத்துச்சு?”

“பெட்டிதான்.”

“பெட்டியில எது?”

“பவர் சப்ளை மேடம், அது புகைஞ்சு...”

“அட்டை சாகலையே மேடம்!”

பிறகு மனிதர் தரையில் மண்டியிட்டார். முட்டி சொடுக்கியது. நேற்றே கழற்றிய மூடி ஓரமாகக் கிடந்தது. பெட்டியை இழுத்து உள்ளே டார்ச் அடித்தார். தூசிக்குள் ஓர் அட்டை இருந்தது. வாயால் ஊதினார், தும்மினார், விரலால் துடைத்தார். உதடு அசைய வாசித்து, காகிதத்தில் நாலாவது வரியை எழுதினார்.

அது வேறு எண்; ஆறு வருஷமாக இந்த ஃபயர்வாலுக்குப் பழகிய எண்.

செண்பகவல்லி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். திருப்பி மறுபக்கத்து ராஜினாமாவையும் பார்த்தாள்.

“இதை அஞ்சு மணிக்குக் குடுக்கணும்னீங்க. நானே குடுத்துரட்டுமா?”

“ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க மேடம்” என்றார் மரியதாஸ்.