பித்தளைக் கிளியும் காத்தான் முடிச்சும்

முன்னொரு காலத்திலே, அந்தக் காலத்துக்கும் முன்னாலே, மலைகள் சோம்பல் முறித்துக்கொண்டிருந்த நாளிலே, ஏழேரி நாடு என்று ஒரு நாடு இருந்தது. ஏழு ஏரி, ஏழு மதகு, ஏழாயிரம் வீடு. நம்பாதவர்கள் எழுந்து போகலாம். நம்புகிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்த நாட்டு அரசன் வில்லவராயன். நல்லவன்தான், குடிமக்கள் மேல் பிரியம் உள்ளவன்தான். ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. எதுவானாலும் வாயில் போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் நடந்துவிட வேண்டும். வழக்கென்றால் ஒரு வெற்றிலை நேரம். போரென்றாலும் ஒரு வெற்றிலை நேரம். ஒருநாள் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. "என் நாட்டுப் பிள்ளைகளில் யார் புத்திசாலி, யார் மக்கு என்று எனக்குத் தெரிய வேண்டும். அதுவும் ஒரு வெற்றிலை நேரத்தில்!"

இப்படிப்பட்ட ஆசைகளுக்காகவே வாசலில் காத்திருப்பவர்கள் உண்டு அல்லவா? மறுநாளே வந்து நின்றான் கருங்கச்சன் என்ற மந்திரவாதி. இடுப்பில் கறுப்புக் கச்சை, தோளில் ஒரு பித்தளைக் கிளி.

"மன்னா, இந்தக் கிளி ஒவ்வொரு பிள்ளைக்கும் பன்னிரண்டு அடிப் பாட்டு ஒன்றை ஒரே தடவை சொல்லும். அப்படியே திருப்பிச் சொன்னால் புத்திசாலி. தடுக்கினால் மக்கு. மக்குகளை நான் என் மலைக்குக் கொண்டுபோய், மந்திரம் ஊட்டி, புத்தி ஏறியதும் அனுப்பிவைக்கிறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தங்கள் நாக்குச் சிவப்பதற்குள்."

அரசனுக்கு அது போதும். முரசு அறைந்தார்கள். பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொரு பிள்ளையும் கிளி முன்னால் நின்றாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

சரியாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்துக் கிளி, "அறிவு! அறிவு! அறிவு!" என்றது. தடுக்கிய பிள்ளையைப் பார்த்து, "மக்கு! மக்கு! மக்கு!" என்றது. மூன்றாவது மக்கு காதில் விழும்போதே அந்தப் பிள்ளை சாண் உயர மண்பொம்மையாகிவிடும். கருங்கச்சன் பொம்மையைக் கூடையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவான். பெற்றவர்கள் கதறினார்கள். "புத்தி ஏறியதும் வந்துவிடுவார்கள்" என்று அரசன் தேற்றினான். ஐந்து வருஷமாகியும் ஒரு பிள்ளையும் திரும்பவில்லை.

அதற்குள் அரசன், கிளி மெச்சியவர்களுக்கே எல்லா வேலையையும் கொடுத்துவிட்டான். ஐந்தாம் ஏரியின் மதகு சிக்கிக்கொண்டபோது, மதகுக் காவலர்கள் ஓடிவந்து, மதகைப் பற்றிய நாற்பது பாட்டையும் அதன் தலைமேல் நின்று ஒப்பித்தார்கள். மதகுக்குக் காது இல்லையே! அது அசையவில்லை.

அந்த நாட்டில் கயிறு திரிக்கும் வீடொன்றில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு நாழிகை முந்திப் பிறந்தவள் அங்காயி. பிந்திப் பிறந்தவன் காத்தான். அங்காயிக்கு எதையும் ஒரு தடவை கேட்டால் போதும், கல்லில் வெட்டியதுபோல் நிற்கும். அந்தக் கர்வமும் அவளுக்கு உண்டு. காத்தானுக்குப் பேச்சு குறைவு. அவன் கையில் எந்நேரமும் இரண்டு முழம் கயிறு இருக்கும். அவன் போடும் முடிச்சு ஒன்று உண்டு. நுனியை இரண்டு தடவை உள்ளே செருகி, ஒரு சுண்டு சுண்டுவான். யானை இழுத்தாலும் அவிழாது. அவன் ஒரு விரலால் தட்டினால் அவிழ்ந்துவிடும்.

சோதனை நாள் நெருங்கியது. அங்காயி தம்பியின் கயிற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவனை உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். பதினெட்டுத் தடவை சொன்னாள். பதினெட்டுத் தடவையும் அவன் மூன்றாம் அடியில் முழித்தான்.

"சரியான மக்குடா நீ!" என்று கத்திவிட்டாள்.

சோதனை நாள் வந்தது. அரண்மனை வாசலில் அங்காயி தம்பியின் கையைப் பார்த்தாள். "சபையில கயிறும் கையுமா நின்னா சிரிப்பாங்கடா. குடு இங்க" என்று பிடுங்கித் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

கிளி முன்னால் அவள் மளமளவென்று ஒப்பித்தாள். "அறிவு! அறிவு! அறிவு!" அடுத்து காத்தான். வெறுங்கையைப் பிசைந்துகொண்டு நின்றான். முதல் அடி வந்தது, இரண்டாம் அடி வந்தது, மூன்றாம் அடி வரவே இல்லை. "மக்கு! மக்கு! மக்கு!" என்றது கிளி. அங்காயி எட்டிப் பிடிப்பதற்குள் கருங்கச்சனின் கூடையில் ஒரு பொம்மை கூடிவிட்டது.

அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிளி சொன்ன வார்த்தையை அதற்கு முன்னால் சொன்னது யார்? நானல்லவா? விடிந்ததும் கயிற்றை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், மலையைப் பார்த்து நடந்தாள்.

மூன்று நாள் நடந்தாள். மூன்றாம் நாள் உச்சிவேளையில் மந்திரவாதியின் மாளிகை தெரிந்தது. அங்கே ஆளே இல்லை. ஆனால் வேலையெல்லாம் தானே நடந்தது. மாளிகைக்குப் பக்கத்துப் பள்ளத்தின் மேல் ஒரு கயிற்றுப் பாலம் காற்றுக்குக்கூட ஆடாமல் நின்றது. ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று நாய்க்குட்டிபோல வாசலைக் காத்தது. ஓடைத் தண்ணீர் மேட்டிலிருந்த தொட்டிக்கு ஏறிப்போவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அங்காயி வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு பாலத்தின் முடிச்சைப் பார்த்தாள். நுனி இரண்டு தடவை உள்ளே செருகி இருந்தது.

"இது எங்க காத்தான் முடிச்சு!"

"கண்டுபிடித்துவிட்டாயா?" என்று சிரித்துக்கொண்டே வந்தான் கருங்கச்சன்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்தத் திருடன் பிள்ளைகளுக்குப் புத்தி ஏற்றவில்லை. அவர்களுக்கு இருந்த புத்தியை உறிஞ்சித் தன் வீட்டை நடத்திக்கொண்டிருக்கிறான்!

"என் தம்பியைக் குடுங்க."

"வாசலுக்கு வந்து கேட்டவளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது மந்திரவாதிகளின் சட்டம். மூன்று வேலை தருவேன். செய்தால் தம்பி உனக்கு. தவறினால் அவன் பக்கத்தில் நீயும் ஒரு பொம்மை."

அவன் விரலைச் சொடுக்கினான். பாலம் பொலபொலவென்று அவிழ்ந்து கயிற்றுக் குவியலாகப் பள்ளத்தின் ஓரத்தில் விழுந்தது. "முதல் வேலை. கட்டு பாலத்தை!"

அங்காயிக்குப் பாலம் கட்டுவது பற்றி முப்பது பாட்டுத் தெரியும். முப்பதையும் பிழையில்லாமல் ஒப்பித்தாள். கயிற்றுக்குக் காது இல்லையே! அது அசையவில்லை.

அவள் மாளிகைக்குள் ஓடினாள். அங்கே படிப்படியாகப் பொம்மைகள் அடுக்கியிருந்தன. கடைசிப் படியில் காத்தான், வெறுங்கையைப் பிசைந்தபடி. அங்காயி அவன் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"இந்தப் பொம்மையை எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

கருங்கச்சன் ஒரு கணம் தயங்கினான். கூடாது என்றால் அது மக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும். ஒப்புக்கொண்டால் மந்திரம் அறுந்துபோகும். "மக்குப் பொம்மையால் என்ன ஆகப்போகிறது? எடுத்துக்கொள்" என்றான்.

அங்காயி பொம்மையை மடியில் வைத்துக்கொண்டாள். "காத்தா, எனக்குத் தெரியலடா. எனக்குச் சொல்லிக் குடு."

பொம்மையின் விரல் லேசாக நெளிந்தது. சொல்லத்தான் அவனுக்கு எப்போதும் வராதே! அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அந்த மண்விரல்களில் வைத்தாள். விரல்கள் மெல்ல அசைந்தன. அவள் தன் விரல்களை அதன்படியே நகர்த்தினாள். முதல் முடிச்சு வழுக்கியது. இரண்டாம் முடிச்சும் வழுக்கியது. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டாள். கயிறு எங்கே இறுகுகிறது என்பது கண்ணுக்கு அல்ல, கைக்குத்தான் தெரிந்தது. சுண்டினாள். நின்றது! மாலைக்குள் பாலமும் நின்றது.

மடியில் கனம் கூடியது. பார்த்தால் காத்தான், ரத்தமும் சதையுமாக!

"ஒருத்தருக்குக் கத்துக்குடுத்தவன் எப்படி மக்கா இருப்பான்?" என்று கூவினாள் அங்காயி. மந்திரத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிருந்தது. கருங்கச்சனின் மீசை துடித்தது.

"மூன்று வேலையும் முடிந்தால்தான் நீங்கள் போகலாம்" என்றவன், மறுநாள் காலையில் மறுபடி விரலைச் சொடுக்கினான். ஒற்றைக் கொம்பன் பிளிறிக்கொண்டு மரத்தை முறித்தது. "இரண்டாம் வேலை. இதைத் தண்ணீர் குடிக்க வை!"

அங்காயி இந்தத் தடவை ஒரு பாட்டும் ஒப்பிக்கவில்லை. நேராகப் படிகளிடம் போனாள். கைகளைப் பின்னால் கட்டித் தலையைச் சாய்த்து நின்ற ஒரு பெண் பொம்மையை எடுத்தாள். அது அவள் ஊர் மூக்கம்மா, ஆடு மேய்ப்பவர் மகள்.

"மூக்கம்மா, எனக்குத் தெரியல. எனக்குச் சொல்லிக் குடு."

பொம்மை நின்றபடியே நின்றது. அங்காயியும் அதுபோலவே கையைக் கட்டி, தலையைச் சாய்த்து, எட்ட நின்றாள். எதுவும் செய்யாமல் நிற்பது அவளுக்கு எத்தனை கஷ்டம் என்கிறீர்கள்! ஆனால் நிற்க நிற்க யானை புரிய ஆரம்பித்தது. கோபமில்லை அதற்கு, வலி. இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றவே இல்லை. மெல்லப் போனாள். காலில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கினாள். யானை தொட்டியில் முக்கால்வாசியைக் குடித்துவிட்டு மிச்சத்தை அவள் தலையில் ஊற்றியது. பக்கத்தில் மூக்கம்மா கைகொட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் சொடுக்கு. மேட்டுத் தொட்டிக்குப் போன வாய்க்கால் தூர்ந்தது. "மூன்றாம் வேலை. ஓடைத் தண்ணீர் தொட்டிக்கு வரவேண்டும். குடம் கூடாது, வாளி கூடாது!"

தரையில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணை மூடிப் படுத்திருந்த பையன் பொம்மையை அங்காயி எடுத்தாள். அவன் பெயர் பெரியாண்டி, வாய்க்கால் வெட்டுபவர் மகன். "பெரியாண்டி, எனக்குத் தெரியல. எனக்குச் சொல்லிக் குடு." அவளும் சேற்றில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். அட! நின்று பார்த்தபோது மேடாக இருந்த இடம், படுத்துப் பார்த்தபோது வேறாக இருந்தது. ஓடை மேலே வளைகிற இடம் தொட்டியைவிட உயரம். அங்கிருந்து மலையைச் சுற்றி வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானே வரும். காத்தானும் மூக்கம்மாவும் கூடவே வெட்டினார்கள். தண்ணீர் வந்தது. பெரியாண்டியும் வந்தான்.

அப்புறம் என்ன? நால்வரும் ஆளுக்கொரு பொம்மையை எடுத்தார்கள். "எனக்குத் தெரியல. எனக்குச் சொல்லிக் குடு." நாலு எட்டாயிற்று, எட்டு பதினாறாயிற்று, நாலு நாளில் படிகள் காலி. கருங்கச்சனின் மாளிகை ஓடு ஓடாகச் சரிந்தது. அவன் துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று அரண்மனைக்கு ஓட, முந்நூறு பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

"மன்னா! மக்குகள் தப்பித்துவிட்டார்கள். மறுபடி கிளி முன்னால் நிறுத்துங்கள்!"

"நிக்கிறோம்" என்றாள் அங்காயி. "ஆனா முதல்ல இவரை நிறுத்துங்க, மகாராஜா. இவர் ஒருநாளும் நின்னதில்ல."

அரசன் அப்போதுதான் வெற்றிலையை வாயில் போட்டிருந்தான். "நில்" என்றான். கிளி பன்னிரண்டு அடியையும் சொல்லி முடித்தது. ஓடிவந்த மூச்சிரைப்பில் கருங்கச்சனுக்கு மூன்றாம் அடி வரவில்லை. "மக்கு! மக்கு! மக்கு!" என்றது அவன் கிளியே. சாண் உயர மண்பொம்மை ஒன்று சபை நடுவில் நின்றது, இடுப்பில் கறுப்புக் கச்சையோடு.

"உடைத்துப் போடுங்கள்!" என்று பெற்றவர்கள் பாய்ந்தார்கள்.

அங்காயி பொம்மையை எடுத்துக் கையில் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் உடைக்கத்தான் ஆசை. ஆனால் மலையில் பார்த்த ஒன்று அவள் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. முந்நூறு பேரில் ஒருத்தரைக்கூட அவன் தப்பான வேலையில் வைத்திருக்கவில்லை. முடிச்சுக்குக் காத்தான், யானைக்கு மூக்கம்மா, தண்ணீருக்குப் பெரியாண்டி.

"யாருக்கு என்ன வரும்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எனக்குத் தெரியல. எனக்குச் சொல்லிக் குடுங்க."

மண்கண்ணில் தண்ணீர் கசிந்தது. கருங்கச்சன் மனிதனாக எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "என்னிடம் அதை யாரும் கேட்டதே இல்லை, தாயே. பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு ஊர்ப் பிள்ளைகளைக் கிளியிடம் நிறுத்துவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் ஒரு மாதம் ஒளிந்திருந்து பார்ப்பேன். விளையாடும்போது பார்ப்பேன், அழும்போது பார்ப்பேன், சும்மா இருக்கும்போது கை எங்கே போகிறது என்று பார்ப்பேன்."

"ஒரு மாதமா?" என்றான் அரசன். எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். பிறகு, தன் ஆயுளில் முதல் தடவையாக, அந்த முந்நூறு பிள்ளைகளின் முன்னால் கைகூப்பி, "எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றான். சபையே அழுதது. கிளியை மட்டும் யாரோ கேட்டார்கள், "இப்போ என்ன சொல்றே?" என்று. "இப்போ என்ன சொல்றே?" என்றது கிளி. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஐந்தாம் மதகு, பிள்ளைகள் கைபட்டு, மறுநாளே திறந்தது. கருங்கச்சனுக்குத் தண்டனையும் இதுதான், வேலையும் இதுதான்: நாடெங்கும் நடந்து, ஒளியாமல், ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு மாதம் பார்த்து, எந்தக் கதவு வழியாக இந்தப் பிள்ளைக்குள் கல்வி நுழையும் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்காயிதான் அவனுக்கு மேலதிகாரி. அரசன் பிள்ளைகளைப் பார்க்க வரும்போது வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவரக்கூடாது என்றும் ஒரு சட்டம் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் காத்தான் கயிற்றை விரலால் தடவிக்கொண்டே எதையோ முணுமுணுத்தான். அங்காயி காது கொடுத்துக் கேட்டாள். கருங்கச்சனுக்குக் கிளி சபையில் சொன்ன பாட்டு! பன்னிரண்டு அடியும், ஒரு எழுத்துப் பிசகாமல். கயிற்றில் பன்னிரண்டு முடிச்சு இருந்தது.

"டேய், ஒரே தடவைதானே கேட்டே! அப்போ அன்னைக்கே உனக்கு வந்திருக்குமேடா?"

காத்தான் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"அன்னைக்குத்தான் கயிறு உன்கிட்ட இருந்துச்சேக்கா."

அங்காயி நடுவழியில் நின்றுவிட்டாள். கொஞ்சநேரம் அழுதாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள். ஏழு ஏரியும் நிறைந்தது, ஏழாயிரம் வீட்டிலும் உலை கொதித்தது. அவர்கள் கயிற்றை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்; கதையை நமக்கு விட்டுப்போனார்கள்.