ஈரத்தோல் பதமாக்கிய துடியனார்

மஞ்சனூரின் கீழ்க்கோடியில், ஆறு ஊரைவிட்டு விலகும் இடத்தில், துடியனார் தோல் பதப்படுத்தி வாழ்ந்து வந்தார். மலைவேடர் கொண்டுவரும் புலித்தோலும் மான்தோலும் மலைப்பாம்பின் நீண்ட தோலும் அவருடைய தொட்டிகளுக்கே வந்து சேரும். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, ஊன் வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் முக்கி, சாயவேரால் சிவப்பேற்றுவார். கத்தியை இழுக்கும்போதெல்லாம் அவர் வாய் ‘சிவாயநம’ என்னும். வேலை முடிந்ததும் ஆற்றில் மூழ்கி எழுந்து, கோயில் தெருமுனையில் நின்று கோபுர உச்சியைக் கும்பிட்டுத் திரும்புவார். அதற்கு அப்பால் ஊரார் அவரைப் போக விட்டதில்லை.

அவர் பதமாக்கிய மான்தோலில் அமர்ந்து செபிப்பவர்களே அவரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். துடியனாருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது.

“செத்ததைத் தொடுகிற கை இது. இதைக் குவித்தால் அவனுக்குப் போய்ச் சேருமா, சேராதா?” என்று மனைவி வெள்ளச்சியாரிடம் கேட்பார்.

“எனக்கென்ன தெரியும்? சேராது என்று அவன் வந்து சொல்லவில்லையே” என்பார் அம்மையார்.

ஆவணி மழையில் ஒருநாள், பச்சை யானைத்தோலைப் போர்த்தபடி ஒருவர் வாசலில் வந்து நின்றார். நீறு பூசிய மேனி நடுங்கியது. தோலில் குருதி இன்னும் காயவில்லை.

“இதைப் பதமாக்கித் தாரும். என் வீட்டுக்காரி பார்த்து மிரண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்” என்றார்.

துடியனார் தோலைப் புரட்டிப் பார்த்தார். ஓரமெல்லாம் தாறுமாறாகக் கிழிந்திருந்தது. “யார் ஐயா இதை உரித்தது? கத்தி பிடிக்கத் தெரியாத ஆளா?” என்று கடிந்துகொண்டார்.

“கத்தி ஏது? நகத்தால் உரித்தேன். மார்கழி ஆதிரையன்று வாங்கிக்கொள்கிறேன்.”

சித்தம் கலங்கியவரோ என்று துடியனார் திகைத்தார். பேர் கேட்பதற்குள் அவர் மழையில் மறைந்துவிட்டார். அந்நாட்டில் யானையைக் கொல்வது கடுங்குற்றம். தோலை ஆற்றில் விட்டுவிடலாமா, அதிகாரியிடம் ஒப்படைக்கலாமா என்று அலைபாய்ந்தார். குளிரில் நடுங்கிய அந்த மேனி கண்ணில் நின்றது. கடைசியில் தோலைச் சுண்ணாம்பில் இறக்கினார்.

செய்தி அரண்மனைக்கு எட்டியது. காவலர் தலைவன் வந்து, “கொன்றவன் யார்?” என்று அதட்டினான்.

“கொன்றாரா என்றே எனக்குத் தெரியாது, ஐயா. பேரும் கேட்கவில்லை.”

ஆதிரையன்று தோலின் உடையவரைக் காட்டாவிட்டால் இரு கைகளும் வெட்டப்படும் என்று மன்னன் ஆணையிட்டான். ஊர் சிரித்தது. துடியனாரோ கிழிந்த ஓரங்களை நரம்பிட்டுத் தைத்து, தோலுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“கை போகப்போகிறது. சாயம் எதற்கு?” என்று அழுதார் வெள்ளச்சியார்.

“கை இருக்கும்போதே முடிக்க வேண்டாமா? அவருக்குக் குளிருமே” என்றார் துடியனார். சொல்லிவிட்டுத் தம் கைகளை அச்சத்தோடு ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஆதிரை விடிந்தது. மூங்கிலில் உலர்த்தியிருந்த தோலைக் காணவில்லை. காவலர் வந்து வீடு முழுதும் துழாவினார்கள். உடையவர் இரவே வந்து வாங்கிப்போய்விட்டார் என்று துடியனார் சாதித்திருக்கலாம். “நேற்று இங்கேதான் இருந்தது. எங்கே போனதென்று விளங்கவில்லை” என்றே சொன்னார். அவரைக் கட்டித் தெருவில் நடத்திச் சென்றார்கள்.

எதிரே கோயில் குருக்கள் தலைதெறிக்க ஓடிவந்தார். “கட்டை அவிழுங்கள்! மன்னர் கோயிலில் நிற்கிறார், இவரை அழைக்கிறார்!” என்று கூவினார். துடியனாரின் கையைத் தாமே பற்றிக்கொண்டு தெருமுனையைத் தாண்டி உள்ளே அழைத்துப்போனார்.

கருவறையில், யானையை உரித்த கோலத்தில் கற்சிலையாய் நின்ற இறைவன்மேல் சாயமேறிய யானைத்தோல் மெத்தென்று கிடந்தது. ஆவாரம்பட்டை மணம் சந்நிதியெங்கும் வீசியது. பக்கத்தில், அஞ்சி முகம் திருப்பியவளாகச் செதுக்கப்பட்டிருந்த அம்மை, நாதனை நேரே நோக்கிப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

துடியனார் தோலின் ஓரத்தைப் பார்த்தார். அவர் போட்ட தையலேதான். மன்னன் அவர் முன்னே கைகூப்பி நின்றான். அவன் ஏன் கும்பிடுகிறான் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

“ஐயோ, இவரையா நான் வைதேன்?” என்று விம்மினார்.

தெளிந்தபின் தொண்டு செய்வோர் பலர். தெளியாமலே, அஞ்சியபடியே, ஒருவருடைய குளிருக்கு இரங்கிய துடியனாரின் சாயம் படிந்த கைகளை நாமும் வணங்குவோம்.