நெல்லிமடுவின் கோடைக் கட்டளை

நெல்லிமடு என்ற குளத்தை ஒட்டிய காட்டில் ஒரு செந்நாய்க் கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவி கருவாலி. அவளுடைய தம்பி சீறன். ஓட்டத்தில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. அது எல்லோருக்கும் தெரியும். யாருக்காவது மறந்துபோனால் சீறனே நினைவூட்டுவான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோடையின் முதல் வேட்டைக்கு முன் தலைவி பாறைமேல் ஏறுவாள். எங்கே வேட்டையாடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்வாள். அதற்குக் கோடைக் கட்டளை என்று பெயர். அதைக் கேட்காமல் ஒரு பல்லும் மான்மேல் படாது.

அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. முந்தின வருடமும் அப்படித்தான். மேட்டுச் சரிவில் நாள் முழுக்க அலைந்தாலும் ஒரு மானைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. சீறனுக்கும் அவன் மனைவி செவத்திக்கும் அப்போதுதான் முதல் ஈற்று. புதருக்குள் குட்டிகள் கண் திறந்து கிடந்தன. பசியில் அவை முனகும் சத்தம் எவ்வளவு தூரம் ஓடினாலும் சீறனின் காதை விட்டுப் போகவில்லை.

ஒரு மாலை கூட்டம் மேட்டைத் தாண்டி நெல்லிமடுவுக்கு வந்தது. சீறன்தான் முதலில் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டான்.

கரையே தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் புள்ளிமான்கள். தண்ணீரில் கொம்பு, கரையில் கொம்பு, புதருக்குப் பின்னால் கொம்பு.

"மான் அருகிப்போச்சுன்னு எவன் சொன்னான்? அக்கா, சீக்கிரம் பாறைமேல ஏறு. கட்டளையைச் சொல்லு. இன்னைக்கு விருந்து!" என்றான்.

கருவாலி ஏறவில்லை. முன்னங்கால்களின் மேல் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டாள். மான்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருட்டியது. மறுநாளும் அதே இடம், அதே படுக்கை.

சீறனுக்குப் பொறுமை போயிற்று. "நீ வேட்டைக்கு வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா?" என்றான். கூட்டம் சிரித்தது.

கருவாலியும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "நீ கொம்பைப் பார்க்குறே தம்பி. நான் தாய்மானுக்குப் பின்னால பார்க்குறேன்."

"பின்னால என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. அதான் பயமா இருக்கு."

சீறனும் பார்த்தான். தாய்மான் வந்தால் பின்னாலேயே குட்டி வர வேண்டும். அதுதானே வழக்கம்? இங்கே தாய்மான்கள் வந்தன. குடித்தன. தனியாகவே திரும்பிப் போயின. எங்கோ ஒன்றின் பின்னால் மட்டும் ஒரு குட்டி தள்ளாடிக்கொண்டு வந்தது.

கரையோர நெல்லி மரத்தில் ஒரு மந்தி உட்கார்ந்திருந்தது. செந்நாய்க்கு எட்டாத உயரம்தான். ஆனாலும் அதன் பேச்சில் மரியாதை தாராளமாக வரும். கருவாலி அதை அண்ணாந்து பார்த்தாள்.

"மந்தியாரே, மேற்கே இருக்குற சுனையில எல்லாம் மான் எப்படி?"

"மானா? அங்கே சேறுகூடக் காஞ்சு வெடிச்சுப் போச்சுங்க. ஒரு குளம்புத் தடம் கிடையாதுங்க. காடு மொத்தமும் இங்கேதானுங்க வந்து நிக்குது."

"கேட்டியா சீறா?" என்றாள் கருவாலி. "இது ஒரு மந்தை இல்ல. இருக்குறதே இவ்வளவுதான். எல்லாம் ஒரே இடத்துல நிக்குறதால நிறைய மாதிரி தெரியுது."

பிறகுதான் அவள் பாறைமேல் ஏறினாள். "மழை பெஞ்சு மத்த சுனையில தண்ணி நிக்குற வரைக்கும் மடுக்கரையில வேட்டை கிடையாது. தாய்மானைத் தொடக் கூடாது. தண்ணி குடிச்சிட்டு மேடு ஏறுறப்போ பின்தங்குற ஆண்மான்கள்ல கிழட்டுக் கொம்பனும் நொண்டிக் கொம்பனும் மட்டும் நமக்கு. மீதிப் பசிக்குக் காட்டுப்பன்னி."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். சீறனுக்கு வாய்க்கே எட்டியது வயிற்றுக்கு எட்டவில்லை. அவன் பாறையடியில் போய் நின்றான்.

"அக்கா, என் குட்டிங்க பட்டினி கிடக்குதுங்க."

"தெரியும். இன்னைக்குத் தாயைத் தின்னா, அடுத்த கோடையில அதுங்க எதைத் தின்னும்?"

"அடுத்த கோடையைப் பார்க்க முதல்ல அதுங்க உயிரோட இருக்கணுமே!"

நியாயமான பேச்சுதான். கருவாலிக்கும் அது தெரிந்தது. "இருக்கும். அது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பொறுப்பாவது மண்ணாவது என்று நினைத்தான் சீறன். மற்றவர்கள் பன்றி வேட்டைக்குப் போனபோது அவன் போகவில்லை. சூரியன் சாயும் நேரத்தில் தனியாக மடுக்கரைக் கோரைக்குள் பதுங்கினான்.

ஒரு தாய்மான் வந்தது. முத்துப்புள்ளி என்று அதற்குப் பெயர். வயிறு பெருத்து, இன்றோ நாளையோ ஈன வேண்டிய நிலை. சீறன் எழுந்தான். மான் அவனைப் பார்த்துவிட்டது. ஆனாலும் அசையவில்லை.

சீறனுக்கே குழப்பமாகிவிட்டது. "ஏன் ஓடலை?"

"எங்கே ஓடச் சொல்றே? வேற எங்கேயும் தண்ணி இல்ல. தாகத்துல உள்ளே இருக்குறது துடிக்குது. ரெண்டு வாய் குடிச்சிக்கிறேன். அப்புறம் உன் இஷ்டம்."

முத்துப்புள்ளி தலையைக் குனிந்து குடிக்க ஆரம்பித்தது. சீறன் பார்த்துக்கொண்டு நின்றான். ஓடாத மானைப் பிடிக்க ஓட்டக்காரன் எதற்கு? அதைவிட, அந்த வயிற்றுக்குள் இருப்பதுதான் அடுத்த கோடை என்று அவனுக்கு அப்போது உறைத்தது. விதைநெல்லை அவித்துத் தின்ன உட்கார்ந்தவன் கதைதான் தன்னுடையது என்று தெரிந்துபோயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

புதருக்கு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே குட்டிகளின் நடுவில் கருவாலி நின்றிருந்தாள். பன்றியின் கோரைப்பல் அவள் தோளைக் கிழித்திருந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை. புண்ணை நக்கக்கூடப் போகாமல், தான் விழுங்கி வந்த இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். செந்நாய்கள் குட்டிக்கு ஊட்டும் முறை அதுதான். கடைசித் துண்டு வரை கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு வெளியே வந்தாள்.

"எங்கே போயிருந்தே?" என்றாள்.

"சும்மா... மடுப் பக்கம்."

அவள் அவன் வாயை ஒருமுறை மோந்து பார்த்தாள். மான் வாடை இல்லை. வேறெதுவும் கேட்காமல் நொண்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் பன்றி வேட்டையில் முன்னால் ஓடியவன் சீறன்தான். அந்தக் கோடை முழுக்க அவன்தான் முன்னால் ஓடினான். விலா எலும்பு தெரிய மெலிந்தாலும் குட்டிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. இப்படி ஒரு அக்காவின் சொல்லையா மண் என்று நினைத்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மழை வந்தது. சுனைகள் நிறைந்தன. தாய்மான்களின் பின்னால் குட்டிகள் துள்ளின. அடுத்த கோடையிலும் மழை குறைவு. கட்டளையும் அதேதான். அதன் பின் மழை நன்றாகப் பெய்தது. ஆனால் மான் இன்னும் பெருகட்டும் என்று கருவாலி தாய்மான்களை விட்டே வைத்தாள். மடுக்கரையில் மான்கள் அவள் பேரைச் சொன்னாலே தலை குனிந்தன. "சாமி மாதிரி" என்றது முத்துப்புள்ளி.

எல்லோரையும்விடப் பெரிய பக்தன் சீறன். ராஜாவை மிஞ்சிய ராஜவிசுவாசம் என்பார்களே, அதேதான். வேட்டை முடிந்து வரும் ஒவ்வொரு வாயையும் மோந்து பார்ப்பான். தாய்மான் வாடை அடித்தால் தொலைத்துவிடுவேன் என்று உறுமுவான்.

பிறகு ஒரு கோடை வந்தது. வழக்கம்போல் கருவாலி மடுவைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். இந்தத் தடவை பாறைமேல் ஏறியவள் சொன்ன சொல்லில் கூட்டமே அதிர்ந்துபோயிற்று.

"இந்தக் கோடையில கொம்பனைத் தொடக் கூடாது. தாய்மானை அடிங்க. மடுக்கரையிலயும் அடிக்கலாம்."

சீறனுக்குக் காது அடைத்தது. "அக்கா, தாய்மான்மேல பல் படக் கூடாதுன்னு சொன்னது யாரு? நீதானே? அதுக்காகத்தானே தோளைக் கிழிச்சுக்கிட்டே?"

"ஆமா. அது அந்தக் கோடைக்குச் சொன்னது."

எதிர்க்கரையில் இது முத்துப்புள்ளியின் காதிலும் விழுந்தது. "உன்னைச் சாமின்னு கும்பிட்டோமே!" என்று கூவியது.

"நான் சாமி இல்ல தாயி" என்றாள் கருவாலி. "நான் வேட்டைக்காரி. அன்னைக்கும் வேட்டைக்காரியாத்தான் சொன்னேன்."

நல்ல பெயரைக் கட்டிக்காக்க நினைப்பவர் எவரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு சொல்லில் அத்தனை கும்பிடும் போயிற்று. அவள் அதைத் தேடிப் பொறுக்கவும் இல்லை.

சீறன் கோபத்தோடு மடுவைச் சுற்றி நடந்தான். அக்காவுக்கு வயதாகிப் புத்தி கலங்கிவிட்டது என்று நிரூபிக்க வேண்டும் அவனுக்கு. ஆனால் நடக்க நடக்க அவன் வேகம் குறைந்தது. தரையில் ஒரு நெல்லிக்கன்று இல்லை. மூங்கில் முளைகளை மான்கள் அடியோடு மேய்ந்திருந்தன. மானின் வாய் எட்டும் உயரம் வரை மரங்களில் ஒரு இலை இல்லை. மான்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றின் விலாவையும் எண்ணிவிடலாம். கொம்பன்களோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. இத்தனை காலம் கூட்டம் கொம்பன்களைத்தானே தின்றது?

கடைசியில் அவன் தாய்மான்களுக்குப் பின்னால் பார்த்தான். குட்டிகள் இல்லை.

முத்துப்புள்ளி கரையில் தனியாக நின்றது. "உன் குட்டி எங்கே?" என்று கேட்டான் சீறன்.

"செத்துப்போச்சு" என்றது அது. "பால் இல்ல. புல் இருந்தாத்தானே பால் இருக்கும்? இத்தனை வாய்க்கு இந்தக் காடு எங்கே போகும்?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அதற்கே புரிந்தது போலும். சீறனை ஒருமுறை பார்த்தது. பிறகு கூவவும் இல்லை, திட்டவும் இல்லை. மேட்டுக் காட்டைப் பார்த்து நடந்துவிட்டது. சீறன் அதைத் துரத்தவில்லை.

அவன் கூட்டத்துக்குத் திரும்பி வந்தான். கருவாலியின் முன் நின்று, "கட்டளை சரிதான் அக்கா" என்றான். செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சீழ்க்கையை அவனே அடித்து வேட்டையைத் தொடங்கினான்.

அந்த வேட்டையைப் பற்றி யாரும் பெருமை பேசவில்லை. ஆனால் அடுத்த மழையில் தரையெல்லாம் கன்று முளைத்தது. மூங்கில் தழைத்தது. அதைத் தின்ற தாய்மான்களுக்கு மடி நிறைந்தது. மடுவுக்கு வந்த குட்டிகள் கொழுகொழுவென்று ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன.

கருவாலிக்குப் பழைய தோள் காயம் இறுகி, பாறை ஏறுவது சிரமமாகிவிட்டது. அதற்கடுத்த கோடையில் அவள் சீறனைப் பார்த்து, "இனிமே நீ சொல்லு" என்றாள்.

கூட்டம் பாறையைச் சுற்றி உட்கார்ந்தது. எல்லோர் வாயிலும் எச்சில் ஊறியது. "இந்தக் கோடை என்ன கட்டளை? கொம்பனா, தாய்மானா? சொல்லு சீறா!"

பழைய சீறனாக இருந்தால் அந்த நொடியே ஒரு கட்டளையை வீசியிருப்பான். இப்போது அவன் பாறையில் காலே வைக்கவில்லை.

"எனக்கு இன்னும் தெரியாது" என்றான். "போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

சொல்லிவிட்டு மடுவை நோக்கி இறங்கினான். கருவாலி நிழலில் கண்ணை மூடிக்கொண்டாள். தலைவியான நாள் முதல் எந்தக் கோடையிலும் அவள் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

நேற்றைய சட்டத்தைக் கும்பிடுவதும் இன்றைய பசிக்கு அதை உடைப்பதும் ஒரே மடமைதான். காட்டை ஒவ்வொரு வருடமும் கண்ணால் பார்த்து, நாளை பிறக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துச் சட்டம் சொல்பவரே தலைவர்.